அமைப்பு மாறி (ஸ்கீம் மொழி)

அமைப்பு மாறி என்பது லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் நிரலாக்க மொழியில், மேக்ரோ விதியின் இடப்பக்கத்தில் எழுதப்படும் பெயர் ஆகும். அழைப்பில் அதே இடத்தில் எது வந்தாலும் அதை இப்பெயர் ஏற்றுக்கொள்ளும். 'சின்டாக்ஸ்-ரூல்ஸ்' எனப்படும் இம்முறை 1998இல் வெளியான ஐந்தாம் திருத்த அறிக்கையில் மொழியின் கட்டாயப் பகுதியானது.

எதிர்பாராத விளைவு

தஞ்சைப் பகுதியின் பழைய நெல் அளவையில் 1 கலம் 12 மரக்கால். நெல்லை மரக்காலில் கணக்கிடும் மேக்ரோவுக்கு இரண்டு விதிகள் எழுதுவோம்:

1. (நெல் அளவு கலம்) – அளவை 12ஆல் பெருக்கு
2. (நெல் அளவு மரக்கால்) – அளவை அப்படியே கொடு

(நெல் 3 கலம்) என்றால் 36 என்ற சரியான விடை வரும். (நெல் 3 மரக்கால்) என்றாலும் 36தான் வரும். வர வேண்டியது 3.

காரணம்

விதிகள் மேலிருந்து வரிசையாக ஒப்பிடப்படுகின்றன. முதல் விதியிலுள்ள 'கலம்' நமக்கு ஓர் அலகின் பெயர். மொழிக்கோ அதுவும் 'அளவு' போன்ற ஓர் அமைப்பு மாறியே. ஆகவே அது 'மரக்கால்' என்ற சொல்லையும் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் விதிக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பிழைச்செய்தியும் வராததால் தவறான விடை கண்ணில் படாமல் போகலாம்.

தீர்வு

'சின்டாக்ஸ்-ரூல்ஸ்' என்ற சொல்லை அடுத்துள்ள அடைப்புக்குறிக்குள் கலம், மரக்கால் ஆகிய இரண்டையும் எழுத வேண்டும். அங்கு எழுதிய சொற்கள் மாறிகளாகக் கொள்ளப்படாமல், அதே சொல்லுடன் மட்டுமே பொருந்தும். அந்த அடைப்புக்குறியை வெறுமையாக விடுவதே இப்பிழைக்கு வழிவகுக்கிறது.