கடைச்சாவி நமக்குப் பின் யார் கையில்?

வரவு, செலவு, பற்று, பாக்கி என எல்லாவற்றையும் அன்றன்றே பேரேட்டில் ஏற்றிவிடும் வணிகர்களாகிய நாம், நமக்குப் பிறகு கடை யாருக்கு என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற அச்சம் சிலருக்கு. என் பிள்ளைகள் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை பலருக்கு. ஆனால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் நன்றாக நடந்த கடைகள், முதலாளி மறைந்ததும் பங்காளிப் பூசலில் பூட்டிக் கிடப்பதை நாம் கண்டுவருகிறோம். ஆகவே இதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

உயில் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? இந்து வணிகர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருக்குச் சம பங்கு. தாயும் மனைவியும், இரு மகன்களும் ஒரு மகளும் இருந்தால் ஐந்து பங்கு. இருபது ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்து கடையை வளர்த்த மூத்த மகனுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் இளைய மகனுக்கும் ஒரே அளவுதான். உழைப்பைச் சட்டம் கணக்கில் கொள்ளாது. எழுதி வைத்தால்தான் கொள்ளும்.

மகளுக்குச் சீர் செய்தாயிற்று, இனிப் பங்கில்லை என்று நினைப்பதும் தவறு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை வழங்கியது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

எழுதாமல் விட்டால் வழக்கு எவ்வளவு நீளும் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே சான்று. 1938இல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் சொந்தமாக வாங்கிய சொத்து. உயில் இல்லை, ஒரே மகள். அவரும் 1967இல் பிள்ளையின்றிக் காலமானார். உறவினர்களுக்குள் 1991இல் வழக்குத் தொடங்கியது. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற அவ்வழக்கில் 2022 ஜனவரி 20 அன்றுதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து மகளுக்கே சேரும் என்பது முடிவு. அதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

உயில் எழுதுவது கடினமன்று. முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் கையெழுத்திட்டு, இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், நம்மைவிட வயதில் இளையவர்களாக, சொத்துப் பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் காணாமற்போகும் பயமில்லை. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். சுயசம்பாத்தியத்தையும் பூர்வீகச் சொத்தில் நம் பங்கையும் மட்டுமே எழுத இயலும். இஸ்லாமிய வணிகர்களுக்கு அவர்களது சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு வரையே உரிமை. வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1995 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் 23இல் மறுபடி தனியானது. ஜெயங்கொண்டத்தில் உள்ள ஒரே கடைக்குப் பழைய பத்திரத்தில் திருச்சி மாவட்டம், அடுத்ததில் பெரம்பலூர், பின்னதில் அரியலூர் என்றிருக்கும். உயிலில் சொத்து விவரம் எழுதும்போது சர்வே எண், நான்கெல்லை, பத்திர எண், ஆண்டு ஆகியவற்றோடு பழைய, புதிய மாவட்டப் பெயர்களையும் சேர்த்து எழுதுவது நலம்.

உயிலுக்குப் பதில் செட்டில்மென்ட் எழுதித் தருவோர் பலர். அது உடனே கைமாறிவிடும். நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. எழுதினால், 'என்னையும் என் மனைவியையும் இறுதிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேருங்கள். பிள்ளைகள் கைவிட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அப்பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் கோட்டாட்சியர் அலுவலகங்களை இதற்கு அணுகலாம்.

வங்கியில் நாமினி போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கித் தருபவரே தவிர உரிமையாளர் அல்லர். வாரிசுகள் தம் பங்கைக் கேட்கலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்கிற்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம்.

கூட்டாளியோடு கடை நடத்துவோர் ஒன்று கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்ததும் கூட்டு வணிகமே கலைந்துவிடும் என்கிறது 1932ஆம் ஆண்டுச் சட்டம். இருவர் மட்டுமே கூட்டாளி என்றால் ஒப்பந்தமும் காப்பாற்றாது. தனி உரிமையாளர் கடையில் ஜி.எஸ்.டி. பதிவை வாரிசு தம் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். பாக்கி வரியும் அவர் தலையில் விழும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் வாரிசு கடையைத் தொடர்ந்து நடத்த 90 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

நாம் இருக்கும்போதே நினைவு தப்பினால்? மகனுக்குக் கொடுத்த பவர் பத்திரம் நாம் இறந்தாலும் செல்லாது, சித்தசுவாதீனம் இழந்தாலும் செல்லாது. தீராத நோயில் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று விரும்புவோர் அதையும் முன்கூட்டியே எழுதலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும் என்றது. மருத்துவமனை வாசலில் பிள்ளைகள் தவிப்பது இதனால் குறையும்.

எழுதியதோடு நிறுத்தாதீர்கள். உயில், பத்திரம், பாஸ்புத்தகம், இன்ஷூரன்ஸ் பாலிசி எங்கே இருக்கின்றன என்பது வீட்டம்மாவுக்குத் தெரியட்டும். வெங்காய மண்டிக்கு எவ்வளவு தர வேண்டும், எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பதும் ஒரு நோட்டில் இருக்கட்டும். வர வேண்டிய பாக்கி நம் மனத்தோடு போனால், அது குடும்பத்துக்கு நட்டமே.

ஆண்டுதோறும் ஆயுதபூஜைக்குப் புதுக்கணக்கு போடுகிறோம். இவ்வாண்டு கணக்கு முடிக்கும்போது, நம்பிக்கையான வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து இந்தக் கணக்கையும் முடித்துவிடுவோம்.