நெடுவாவியும் நகத்தாதுவும்

யான் சிறுவனாயிருந்த காலத்தில், வேளாண்மை வெட்டும் நாள்களில் என் தந்தையார் என்னை வண்டிலில் ஏற்றி வட்டைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். கரைவாகுப் பகுதியின் தென்னஞ்சோலைகள் பின்னே மறைய, எட்டிய மட்டும் நெற்கதிர் பொன்விரித்துக் கிடக்கும். அவ்வெளியில் ஒருநாள், மேற்கே தொலைவில், மலை போலும் ஒன்று எழுந்து நிற்கக் கண்டு, “அதென்ன மலை வாப்பா?” என்று வினவினேன். “அது மலையில்ல மகன், புத்தருடைய தாதுவை வைச்சுக் கட்டின தாகபை. செங்கல்லாலே கட்டினது” என்றார். பின்னர் யானே கேளாதிருக்கவும், “அங்க போனா ஒரு கல்லையும் எடுக்கப்படாது. அது மற்றவங்கட அமானிதம்” என்று கூறி எருதுகளை ஓட்டினார். அவர் பள்ளிப்படிப்பு மிகுதியும் அறியாதவர். அம்மேட்டின் பெயர் தீகவாபி என்பதனையும் அதன் வரலாற்றினையும் யான் நூல்களின்வழி அறிந்தது நெடுங்காலம் கழித்தேயாம்.

பெயரினின்றே தொடங்குவோம். தீக என்பது பாளி மொழியில் நீண்ட என்று பொருள்படும்; வடமொழித் தீர்க்கம் என்பதும் அதுவே. வாபி என்பது குளம். இவ்வாபியே தமிழில் வாவி என வழங்குகின்றது. நம் கீழ்கரை மக்களுக்கு அச்சொல் ஏட்டுச்சொல் அன்று. மட்டக்களப்பு வாவி என நாள்தோறும் நாவில் வழங்கும் சொல். ஆகவே தீகவாபி என்பதனை நெடுவாவி என்று தமிழாக்கின், அது நமக்கு அயலூர்ப் பெயராகத் தோன்றாது. இப்பகுதிக்கு வழங்கும் திகாமடுல்ல என்னும் பெயரும் தீகமண்டலம் என்பதன் திரிபென்பர். அட்டாளைச்சேனைக்கு மேற்கே வயல்களின் நடுவே நிற்கும் அத்தூபி, ஒரு பெருங்குளத்தின் பெயராலேயே இன்றும் அறியப்படுகின்றது.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் பாளி மொழியில் இயற்றப்பெற்ற மகாவம்சம், புத்தர் பெருமான் இலங்கைக்கு மும்முறை எழுந்தருளினார் என்று கூறும். இரண்டாம் வருகை, மணியாசனம் ஒன்றின் பொருட்டுப் போர்புரிய முற்பட்ட நாக அரசர் இருவரைச் சமாதானப்படுத்த நாகதீபத்திற்கு வந்தது. மணிமேகலை பயின்ற மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. மணிபல்லவத்துப் புத்தபீடிகையின் கதையும் ஏறத்தாழ இதுவேயன்றோ? ஞானம் எய்திய எட்டாம் ஆண்டில் நிகழ்ந்த மூன்றாம் வருகையின்போது களனியிலும், சமந்தகூட மலையிலும், பின்னர்த் தீகவாபியிலும் பெருமான் தங்கித் தியானித்தார் என்பது அந்நூலின் கூற்று. பௌத்தர்கள் போற்றும் பதினாறு புனிதத் தலங்களுள் தீகவாபி ஒன்றாயிருப்பதன் காரணம் இதுவே. சமந்த மலையின் அடிச்சுவட்டினை மணிமேகலையும் கூறுதலின், தமிழ்ப் புலவரும் பாளித் தேரரும் ஒரே மரபினைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது பெறப்படும்.

தூபியை எழுப்பியவன் சத்தாதிஸ்ஸன். இவன் உருகுணை நாட்டு மன்னன் காவந்திஸ்ஸனின் இளைய மைந்தன்; துட்டகாமினியின் தம்பி. துட்டகாமினிக்கும் எல்லாளனுக்கும் நிகழ்ந்த போரினைப் பற்றி நாம் பேசும் அளவிற்கு, அண்ணனும் தம்பியும் தம்முள் பொருத போரினைப் பற்றிப் பேசுவதில்லை. தந்தையின் ஆணையால் தீகவாபியில் இருந்து நாட்டுப்புறத்தைக் காத்து வந்தவன் தம்பி. தந்தை இறந்தபின், தாய் விகாரமாதேவியையும் பட்டத்து யானையையும் தன்னுடன் கொண்டு அவன் தீகவாபிக்கு வர, போர் மூண்டது. முதற்போரில் அண்ணன் தோற்றான். அடுத்த போரில் தம்பி தோற்றோடி, ஒரு விகாரையினுட் புகுந்து தலைமைத் தேரரின் கட்டிலின்கீழ் ஒளிந்தான். துரத்தி வந்த அண்ணன், தம்பி எங்கே என்று கேட்க, கட்டிலின்மேல் இல்லை என்றார் தேரர். கட்டிலின்கீழ் உள்ளான் என்பதை அரசன் உணர்ந்தான். உணர்ந்தும் உள்ளே நுழைந்திலன். வெளியே காவல் வைத்தான். பிக்குகள் தம்பியைப் பிணம்போல் மூடிச் சுமந்து சென்றபோதும், அதனை அறிந்தும், அவர்கள் தலையினின்று பறித்தெடுக்க அவன் துணிந்தானல்லன். பின்னர்த் தேரர் ஒருவர் இருவரையும் சேர்த்து வைத்தார். சமாதானத்தின் பின் அரசன் தம்பியை மீண்டும் தீகவாபிக்கே அனுப்பி, பயிர்த்தொழிலைக் கவனிக்கச் செய்தான். தூபி எழுமுன்னரே அம்மண்ணில் நெல் விளைந்தது என்பதும், புகல் புகுந்தவனைக் காத்தலே அங்கு முதலிற் போற்றப்பட்ட அறம் என்பதும் இக்கதையால் நாம் அறிவன.

அண்ணனுக்குப்பின் கி.மு. 137 முதல் பதினெட்டாண்டு அரசாண்ட சத்தாதிஸ்ஸன், தீகவாபியில் விகாரையையும் தூபியையும் அமைத்தான். மணிகள் பதித்த வலையொன்றால் தூபியைப் போர்த்தி, அவ்வலையின் கண்தோறும் தேர்ச்சக்கரம் போன்ற பொன்மலர்களைத் தொங்கவிட்டான் என மகாவம்சம் புனைந்துரைக்கும்.

இனித் தாதுவைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். தாதுவைக் கருப்பத்திற் கொண்டது தாதுகர்ப்பம். அதுவே தாகபை எனத் திரிந்தது. பௌத்தர் தாதுக்களை மூவகைப்படுத்துவர். பல், எலும்பு, கேசம், நகம் முதலிய உடற்றாது ஒன்று. பாத்திரம், போதிமரம் போன்று பெருமான் பயன்கொண்ட பொருள் மற்றொன்று. அவரை நினைவூட்டும் உருவம் பிறிதொன்று. தீகவாபித் தூபியினுள் புத்தரின் நகத்தாது வைக்கப்பட்டுள்ளது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. 1986 ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த அகழ்வில் பொற்பேழைகளும், எழுத்துப் பொறித்த பொன்னேடும் கிடைத்தன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட கனிட்டதிஸ்ஸ மன்னனின் பெயர் அவ்வேட்டில் உள்ளது. சத்தாதிஸ்ஸன் கட்டியதனை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளின் பின்னும் ஒரு மன்னன் பேணினான் என்பதற்குப் பொன்னே சான்றாயிற்று.

ஒரு நகத்தின்பொருட்டு இத்துணைப் பெருங்கட்டடமோ என்று நம் இளைஞர் சிலர் வியக்கக்கூடும். அவர்கள் காசுமீரத்து அசுரத்பால் பள்ளியை எண்ணிப் பார்ப்பாராக. நபிகள் நாயகத்தின் திருமுடி எனப் போற்றப்படும் ஒன்று 1963 டிசம்பரில் அங்கிருந்து காணாமற் போயிற்று. சிறீநகர் மக்கள் கடுங்குளிரில் தெருவில் திரண்டு அழுதனர். 1964 சனவரியில் அது மீண்ட பின்னரே அமைதி பிறந்தது. இத்தகைய பொருள்களைப் போற்றுதல் பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், அன்பு செலுத்தும் உள்ளம் ஒரு சிறு பொருளைப் பற்றிக்கொள்ளும் என்பதில் வேறுபாடு இல்லை.

தாதுவைக் காக்கும் பணியில் தமிழுக்கும் ஒரு பங்குண்டு. யாப்பகூவையிலிருந்து பாண்டியரின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தந்தத்தாதுவைக் கவர்ந்து மதுரைக்குக் கொண்டு சென்றதும், மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரிற் சென்று நட்பினால் அதனை மீட்டதும் பலரும் அறிந்தவை. பலரும் அறியாதது பொலன்னறுவையிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டு. முதலாம் விசயபாகுவின் மறைவுக்குப்பின், பன்னிரண்டாம் நூற்றாண்டில், தமிழில் வெட்டப்பட்டது அது. தமிழ்ப்படையினராகிய வேளைக்காரர் தந்தத்தாதுக் கோயிலைத் தம் காவலில் ஏற்று, அதன் ஊர்களையும், பணியாளரையும், உடைமையையும், அங்கே தஞ்சம் புகுந்தோரையும், தாம் அழிய நேரினும் காப்போம் என்று உறுதி கூறுகின்றனர். அக்கோயிலுக்கு அவர்கள் இட்ட பெயரில் ‘தளதாய்ப் பெரும்பள்ளி’ என்னும் தொடர் உண்டு. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரைக்கும் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்பதே பெயர்.

பள்ளி என்னும் இச்சொல்லை மாணவர் உற்று நோக்குதல் வேண்டும். பௌத்தரும் சமணரும் உறைந்த இடம் பள்ளி. அவர் அங்குக் கற்பித்தமையின் கல்விக்கூடமும் பள்ளியாயிற்று. நாம் தொழும் இடமும் பள்ளி. ஒரு சொல் மூன்று கூட்டத்தாரையும் தன்னகத்தே அமர்த்தியிருக்கின்றது.

நிலமோ அவ்வாறு அமர்த்தவில்லை. போர்த்துக்கேயரால் மேற்குக் கரையினின்று துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் பதினேழாம் நூற்றாண்டில் கீழ்க்கரையிற் குடியேற்றினான். பௌத்த மன்னன் ஒருவன் புகல் அளித்த வரலாறு அது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் பட்டிப்பளை ஆறு அணைகட்டி மறிக்கப்பட்டது. புதுக் குடியேற்றங்கள் எழுந்தன. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அதுமுதல் வயல் எவருடையது, புனித பூமியின் எல்லை யாது என்னும் வினாக்கள் ஓயவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபின், வீடிழந்தோர்க்கென நுரைச்சோலையில் சவூதி அரசின் உதவியால் ஐந்நூறு வீடுகள் கட்டப்பட்டன. அவ்விடம் தீகவாபியின் புனிதப் பகுதியைச் சார்ந்தது என்று வழக்குத் தொடரப்பட்டது. மாவட்டத்தின் இன விகிதத்திற்கேற்ப அவ்வீடுகள் பகிரப்படல் வேண்டுமென 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின் ஆண்டுகள் பல, கதவடைத்த அவ்வீடுகளைப் புதர் சூழ்ந்தது.

அத்தீர்ப்பிற்குச் சில ஆண்டுகளின் பின்னர், உயர்வகுப்பு மாணவர் சிலரைத் தீகவாபிக்கு அழைத்துச் சென்றேன். மகாவம்சக் கதையை மேட்டின் அடியில் நின்று சொல்லத் தொடங்கினேன். அலையில் வீட்டையும் தங்கையையும் இழந்த மாணவன் ஒருவன் குறுக்கிட்டு, “சேர், உள்ளுக்கு இருக்கிற ஒரு நகத்துக்கு இவ்வளவு காணி வேணுமா? எங்களுக்கு ஒரு வீட்டுக்கு இடமில்ல” என்றான். மற்றவர் தலைகவிழ்ந்தனர். எனக்கும் உடனே விடை வரவில்லை. அவன் சொல்லில் இகழ்ச்சியினும் துயரே மிகுந்திருந்தது. அங்கிருந்த முதிய பிக்கு ஒருவர், நாங்கள் பேசியது விளங்கியதோ இல்லையோ, வெயிலில் நின்ற பிள்ளைகளுக்குக் குடத்தில் நீர் கொணர்ந்து தந்தார். அவன் பருகி முடிக்கும்வரை காத்திருந்து, கட்டிலின்கீழ் ஒளிந்த தம்பியின் கதையைச் சொன்னேன். பிக்குகள் சுமந்து சென்ற கட்டிலின் முன் வாளேந்திய அண்ணன் விலகி நின்றதைச் சொன்னேன். தஞ்சம் புகுந்தோரைக் காப்போம் என்று தமிழில் வெட்டிய கல்லைப் பற்றியும் சொன்னேன். தூபியைப் போற்றுவதும் வீடிழந்தவனுக்கு வீடு கொடுப்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டும் ஓர் அறத்தின் இரு கூறுகள் என்பதே என் கருத்து.

அவன் நெடுநேரம் பேசாதிருந்து, “அப்ப சேர், இப்பவும் அந்தத் தேரர் மாதிரி ஒருத்தர் இடையில வரவேணும்” என்றான். யான் பல்லாண்டு கற்பித்த பாடத்தை அவன் ஒரு தொடரில் உரைத்துவிட்டான்.

2020 ஆம் ஆண்டளவில் தூபியைப் புதுப்பிக்கும் பணி தொடங்கிற்று. செங்கல் மேடாய் யான் கண்டது புத்துரு எய்துகின்றது. அதன்பொருட்டு எவரும் வருந்த வேண்டுவதில்லை. பழஞ்செல்வம் பேணப்படல் நன்றே. நம் பிள்ளைகள் அங்குச் செல்லட்டும். பாளியும் தமிழும் கைகோத்து நின்ற காலத்தை அறியட்டும். வணங்கச் செல்வோரும் சற்றுக் கிழக்கே திரும்பி, கதிர் முற்றிய வயல்களையும், அவற்றை உழுவோர் வாழும் நெருங்கிய தெருக்களையும் நோக்கட்டும். ஒரு கல்லும் எடுக்கலாகாது என்ற என் தந்தையாரின் சொல்லை யான் இன்றும் என் மாணவர்க்குக் கூறுகின்றேன். பிறர் அமானிதத்தைப் பேணும் அச்சொல், வயலுக்கும் வீட்டிற்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்தே கூறுகின்றேன்.