என் லேப்டாப்புக்கு ஜுரம்!

போன மாதம் பதினெட்டாம் தேதி, ராத்திரி பத்தரை மணி. ஏழு கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி. கணக்கு என் லேப்டாப்பில். லேப்டாப் தலையணை மேல். தலையணை என் மடி மேல். இருபதாம் தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால் கடைக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் தண்டம்! (பத்திரிகைக்கு எழுதுகிற காசில் அரிசி வாங்கலாம். பருப்புக்கு நான் படித்த பி.காம்.தான் கதி.)

நாலாவது கடையை முடித்து ஐந்தாவதைத் திறந்தேன். கிரைண்டர் மாதிரி 'உய்ய்ங்...' என்று ஒரு சத்தம். பொட்டென்று திரை இருண்டது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்!

மறுநாள் காலை ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கவுண்ட்டரில் இருந்த தம்பி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பத்து வருஷ மாடலா சார்? போர்டு போயிருக்கும். பன்னிரண்டாயிரம் ஆகும். நாலு நாள் கழிச்சு வாங்க."

பத்தொன்பதும் நாலும் இருபத்துமூன்று. இந்தக் கணக்குக்கு பி.காம். தேவையில்லை. கையில் பன்னிரண்டாயிரமும் இல்லை.

வாடிய முகத்தோடு திரும்பியவனை எதிர் வீட்டுப் பெரியவர் பிடித்துக்கொண்டார். டி.வி. மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர்.

"ஆறினப்புறம் ஓடுதா தம்பி?"

"பத்து நிமிஷம் ஓடுது சார். அப்புறம் படுத்துடுது."

"அப்ப உசிரு இருக்கு. மூச்சுதான் அடைச்சிருக்கு. திறந்து தூசியை எடு!"

விஷயம் இதுதான். லேப்டாப்பின் மூளையான ப்ராஸஸர் பெரும்பாலும் நூறு டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். சூட்டை வெளியேற்ற உள்ளே ஒரு செம்புக் குழாய் இருக்கிறது. அதற்குள் துளியூண்டு தண்ணீர், காற்றெல்லாம் உறிஞ்சப்பட்ட நிலையில். ஒரு முனையில் ஆவியாகி, மறு முனையில் குளிர்ந்து, திரும்பி வரும். மறு முனையில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள். ஃபேன் அதன் மேல் காற்றை ஊதும். இந்தப் பற்களில் அடைப்பு வந்தால் எல்லாம் போச்சு!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு ட்யூப் தெர்மல் பேஸ்ட், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் எல்லாம் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

"ஆல்கஹாலா? வீட்டுக்குள்ளேயா?" என்றாள் மனைவி.

"குடிக்கிறது இல்லடி, துடைக்கிறது!"

சார்ஜரைப் பிடுங்கினேன். அடிப்பக்கம் பதின்மூன்று ஸ்க்ரூ. எல்லாம் ஒரே நீளமில்லை. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேலே கீ-போர்டைக் குத்திவிடும். அதனால் ஒரு காகிதத்தில் லேப்டாப் படம் வரைந்து, ஸ்க்ரூக்களை அதே இடத்தில் செலோ டேப் போட்டு ஒட்டினேன். காலாவதியான ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு நெம்பினால் மூடி கழன்றது. முதல் வேலை, பாட்டரி ஒயரை எடுத்தது. (பாட்டரி உப்பியிருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது விவரமானவர்கள் வேலை.)

ஃபேன் என்னமோ சுத்தமாகத்தான் இருந்தது. எனக்குப் பகீர். பெரியவர் சிரித்தார். "ஃபேனைக் கழட்டிட்டுப் பாரு!"

கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புப் பற்களுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி! தலையணைப் பஞ்சு, மகளின் தலைமுடி, வெள்ளிக்கிழமை சாம்பிராணிக் கரி என்று பத்து வருஷக் குடும்ப சரித்திரமே அதில் படிந்திருந்தது. வெளியிலிருந்து ஊதினால் இது வராது. உள்ளேதான் போய் உட்காரும். இடுக்கியால் எடுத்தேன், முழுசாக வந்தது. மிச்சத்தைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். ஃபேனை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் பாழ்.

செம்பும் ப்ராஸஸரும் தொடுகிற இடத்தில் பழைய பேஸ்ட் பொருக்காகக் காய்ந்திருந்தது. இரண்டு பரப்பும் வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அதில் காற்று தங்கினால் சூடு கடக்காது. அதை நிரப்பத்தான் பேஸ்ட். ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக ஒரு அரிசி அளவு வைத்தேன். செம்பு மேலிருக்கும் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று நம்பரே போட்டிருந்தது. அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

மூடப் போனால் ட்ரயல் பேலன்ஸ் உதைத்தது! பதின்மூன்றில் பன்னிரண்டுதான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து முக்கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் கண்டுபிடித்தவள் மகள். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறதல்லவா? ஸ்க்ரூ அதில் போய் சொகுசாக ஒட்டிக்கொண்டிருந்தது! அப்படியே மூடியிருந்தால் போர்டு நிஜமாகவே போயிருக்கும்.

பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. செத்துவிட்டதா? இல்லை... ஃபேன் மெதுவாகச் சுற்றியதால் கேட்கவில்லை! முன்பு பத்து நிமிஷத்தில் 97 டிகிரி காட்டியது, இப்போது ஒரு மணி நேரம் கழித்தும் 71. இருபதாம் தேதி மத்தியானமே ஏழு கடையும் தாக்கல் ஆயிற்று.

சாயங்காலம் வெற்றிக் களிப்போடு லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்தேன். பிடுங்கிவிட்டாள் மனைவி.

"காத்து இழுக்கிற ஓட்டையெல்லாம் அடியிலதானே இருக்கு? தலகாணி மூக்கைப் பொத்தினா அது எப்படிங்க மூச்சு விடும்?"

பரணிலிருந்து ஒரு மரப்பலகை இறங்கியது. எங்கள் கல்யாணத்தில் நான் உட்கார்ந்த மணை! எனக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. லேப்டாப்புக்குத் தினமும்!