கடாரத்துக் கற்கள் கூறுவன

கெடா மாநிலத்தில் கடற்கரையை அடுத்துத் தனித்து ஓங்கி நிற்பது ஜெராய் மலை. அதன் உயரம் 1,217 மீட்டர். சுற்றியுள்ள நிலம் வயலும் சதுப்புமாகத் தாழ்ந்து கிடத்தலின், நெடுந்தொலைவில் வரும் மரக்கலத்தார்க்கும் இம்மலை கண்ணிற்படும். வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டை மாலுமிகளுக்குக் கரை காட்டிய அடையாளம் இதுவே. இம்மலையின் தென்சரிவிலிருந்து மெர்போக் ஆற்றின் கழிமுகம் வரை பரந்த நிலப்பகுதியைப் பூஜாங் பள்ளத்தாக்கு என்பர்.

பள்ளி விடுமுறைகளில் இவ்விடத்துக்கு மாணவர் கூட்டம் வருவது வழக்கம். தொல்பொருட் காட்சிசாலையைச் சுற்றிப் பார்த்து, மேட்டிலுள்ள கோயிலின்முன் படமெடுத்துக்கொண்டு, “இது இராசேந்திர சோழன் கட்டியது” என்று ஒருவர் சொல்லக் கேட்டுத் திரும்புவோர் பலர். கேட்ட செய்தி பிறகு கட்டுரை ஏட்டில் ஏறுகிறது, மேடையிலும் முழங்கப்படுகிறது. அங்குள்ள கற்கள் அவ்வாறுதான் கூறுகின்றனவா என்று நின்று பார்ப்பவர் சிலரே. கல் கூறுவதைக் கேட்பது ஒரு கல்வி; கல் கூறாததை அதன்மேல் ஏற்றாதிருப்பது அதனினும் பெரிய கல்வி.

இயற்கை வடித்த கல்

மலையடிவாரத்தில் நடப்பவர் முதலில் அறிய வேண்டுவது, இயற்கை வடித்த கல் எது, மனிதன் வடித்த கல் எது என்பதாகும். ஜெராய் மலையின் பழம்பாறைகள் கடலடியில் மணலாகவும் சேறாகவும் படிந்தவை. அவற்றின் வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டு. இந்நாட்டின் மிகப் பழைய பாறைகளுள் இவையும் அடங்கும். வெப்பமும் அழுத்தமும் தாக்கியதால் அப்படிவுகள் இறுகிப் பளபளக்கும் அடுக்குப் பாறைகளாயின. பன்னெடுங் காலத்திற்குப் பின், பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பு மேலேறி, வெளிவராமல் உள்ளேயே மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாயிற்று.

கருங்கல்லில் இயல்பாகவே வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவ்வெடிப்புகளில் இறங்கிக் கல்லின் ஒரு பகுதியைக் களிமண்ணாக மாற்றிவிடும். தட்டையான பக்கத்தை நீர் ஒரு புறமாகவே தாக்கும். மூலையையோ மூன்று புறமாகத் தாக்கும். ஆகவே மூலைகள் முதலில் மழுங்குகின்றன; சதுரமாயிருந்த பாறை உருண்டையாகிறது. களிமண்ணை மழை அடித்துச் சென்றபின், உருண்டைக் கற்கள் மட்டும் சரிவிலும் ஓடையிலும் எஞ்சிக் கிடக்கின்றன. ஒருவர் கொண்டுவந்து அடுக்கினாற்போல அவை தோன்றினும், அடுக்கியது மழையே. வெயிலும் மழையும் மிகுந்த இந்நாட்டில் இவ்வேலை விரைந்து நடப்பதால் இத்தகைய கற்களைக் கருங்கல் மலைகள் பலவற்றின் அடியிலும் காணலாம்.

பள்ளத்தாக்கில் வேறொரு கல்லும் உண்டு. அது செம்புரைக்கல். இரும்புச் சத்து மிக்க மண் மழையாலும் வெயிலாலும் மாறுதலடைந்து உண்டாவது. மண்ணுக்குள் இருக்கும்போது வெட்டுவதற்கு எளிது; வெட்டியெடுத்துக் காற்றில் வைத்தால் இறுகும். கட்டுவோர்க்கு இஃது ஒரு பெரும் வசதி. இப்பகுதியின் பழங் கட்டடங்களில் கருங்கல், ஆற்றுக் கல், செங்கல் ஆகியவற்றுடன் செம்புரைக்கல்லும் பயன்பட்டுள்ளது.

உளி பட்ட கல்

மனிதன் கைபட்ட கல்லுக்குச் சில அடையாளங்கள் உண்டு. நேர்கோடான விளிம்பு, செங்கோணமான மூலை, ஒரே வரிசையில் சம இடைவெளியுள்ள குழிகள், தூண் நிற்பதற்கென்று வெட்டிய பள்ளம் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று மட்டும் தென்பட்டால் ஐயுற வேண்டும். இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் துணியலாம்.

மெர்போக் காட்சிசாலைக்குப் பின்னுள்ள மேட்டின் பெயர் புக்கிட் பத்து பகாட். மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. பத்து என்பது கல். பகாட் என்பது உளி. ஆராய்ச்சியாளர் வருமுன்னரே ஊரார் உளி பட்ட கல்லைக் கண்டறிந்திருந்தனர் என்பதற்கு இப்பெயரே சான்று. ஓடையின் ஒலியைக் கேட்டவாறு மேட்டில் ஏறினால், மரங்களுக்கிடையே கருங்கல்லால் ஆன கோயிலின் அடித்தளம் தோன்றும். பழங் கோயில்களின் இடிபாடுகளை மலாய் மொழியில் சண்டி என்பர். இது சண்டி புக்கிட் பத்து பகாட்.

அதன் அமைப்பு இரு பகுதிகளாலானது. ஒன்று இறைவனுக்குரிய விமானம். மற்றொன்று வழிபடுவோர்க்குரிய மண்டபம். தமிழாசிரியர் எவர்க்கும் இவ்வமைப்பு பழகியதே. ஆயினும் உற்று நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு விளங்கும். அடித்தளத்தின்மீது வரிசையாகத் தூணடிக் கற்கள் உள்ளன. அவற்றின்மேல் நிற்க வேண்டிய கல்தூண்கள் இல்லை. தூண்களும் கூரையும் மரத்தாலானவை. மரம் மக்கி மறைந்தது, கல் எஞ்சியது. தஞ்சையில் மேல் உச்சிவரை கல்லாலே எழுப்பினர். காடு சூழ்ந்த கடாரத்திலோ அடியைக் கல்லாலும் முடியை மரத்தாலும் அமைத்தனர். திட்டம் இந்தியத் திட்டம். கட்டிய முறை இந்நாட்டின் முறை. இதனைக் கல்லே கூறுகிறது.

கோயிலை அகழ்ந்தபோது கற்பேழைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு குழியும் சுற்றி எட்டுக் குழிகளும் உள்ளன. மணிகளும் உலோகத் துண்டுகளும் இட்டு, கட்டடத்தின் அடியில் பேழையைப் புதைப்பது கோயில் எழுப்புவோர் செய்யும் சடங்காகும். சடங்கு அறிந்தவர் இங்கிருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

அடுக்கிய கல்

இன்று காண்போர் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்கோயிலை 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பாரும் அவர்தம் துணைவியாரும் அகழ்ந்து ஆராய்ந்தனர். பின்னர் 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லாம் என்பார் மீண்டும் ஆராய்ந்து, சிதறிய கற்களைத் தேடியெடுத்து அடுக்கிக் கட்டினார். எனவே கண்முன் நிற்பது பழங்கற்களால் ஆன மறுகட்டடம். கல் பழையது, வைத்த இடம் சிலவற்றுக்கு ஆராய்ச்சியாளரின் முடிவைப் பொறுத்தது. அருகே காட்சிசாலை வளாகத்தில் உள்ள பெண்டியாட், பெண்டாங் டாலாம் முதலிய சண்டிகள் வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அமைக்கப்பட்டவை. இதனை மாணவர்க்குச் சொல்லாமல் விட்டால், அனைத்தும் ஒரே காலத்தில் ஒரே வளாகத்தில் எழுந்தன என்று அவர்கள் எண்ணிவிடுவர்.

இராசேந்திரனும் கடாரமும்

இனி, சோழன் கட்டினான் என்னும் கூற்றைக் காண்போம். கி.பி. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது உண்மை. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு அப்படையெடுப்பில் வென்ற ஊர்களை வரிசைப்படுத்திக் கூறுகிறது. அதற்கு முன்பே உறவும் இருந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்புவித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழன் அளித்ததை லெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. சங்க நூலாகிய பட்டினப்பாலை காழகத்துப் பொருள்களைக் குறிக்கிறது. அக்காழகம் கடாரமே என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கை.

ஆயின் பள்ளத்தாக்கின் கற்கள் வேறு சில செய்திகளையும் கூறுகின்றன. இங்கும் அண்டைப் பகுதியிலும் கிடைத்த பழங் கல்வெட்டுகள் வடமொழியில், தென்னிந்திய எழுத்தில் அமைந்தவை. அவற்றுள் காலத்தால் முந்தியவை கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. பௌத்த சமயம் சார்ந்தவை. இராசேந்திரன் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வழிபாட்டிடங்கள் இருந்தன என்பது இதனாற் போதரும். புக்கிட் பத்து பகாட் கோயிலை வேல்ஸ் மிக முற்பட்டதாகக் கருதினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் 11ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கொள்கின்றனர். காலம் பொருந்துகின்றதே என்று சோழன் பெயரை அதில் எழுதிவிடலாமா? படையெடுத்து வென்றதைக் கூறும் கல்வெட்டு, கோயில் கட்டியதைக் கூறவில்லை. இந்நாட்டில் குடியேறிய இந்தியரே இவற்றைக் கட்டினர் என்று வேல்ஸ் கருதியதையும் பின்னையோர் ஏற்கவில்லை. கடாரத்தின் மக்களும் தலைவர்களுமே, வணிகத்தோடு வந்த சமயத்தையும் கலையையும் ஏற்று, தம் முறையிற் கட்டினர் என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. வணிகரை ஈர்த்த பொருள் இங்கேயே விளைந்தது என்பதை அவை காட்டுகின்றன.

இதனால் தமிழர் பெருமை குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. தமிழ்க் கல்வெட்டு வேண்டுவோர் சயாம் நாட்டுத் தக்குவாபாவையும் சுமத்திராவின் பாருசையும் நோக்கலாம். தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவைச் சுட்டுகிறது. பாருசுக்கு அருகில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைச் சுட்டுகிறது. அவை ஐயத்துக்கிடமின்றித் தமிழ் பேசும் கற்கள். உண்மையான சான்று இருக்க, இல்லாத சான்றைப் படைத்துக்கொள்வது ஏன்? நாளை ஒரு மாணவன் பல்கலைக்கழகத்தில் பயின்று, தன் ஆசிரியர் கூறியது பிழையென்று அறிவானாயின், அவர் கூறிய மெய்யையும் சேர்த்தே ஐயுறுவான்.

இடம் பெயர்ந்தால் ஊமை

ஒரு கல் பேசுவது அது கிடக்கும் இடத்தில்தான். எக்கல்லுக்கு அருகே எக்கல், எந்த மண்ணடுக்கில், எந்தத் திசை நோக்கி என்பனவே அதன் மொழி. இடத்தை விட்டு எடுத்தால் அது ஊமையாகிவிடும். 2013ஆம் ஆண்டு இறுதியில், சுங்கை பத்து தோட்டப் பகுதியிலிருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தியபோது இடிக்கப்பட்டது வெளியாகி நாடெங்கும் வருத்தத்தை உண்டாக்கியது. தனியார் நிலத்தில், காப்பிடமாக அரசிதழில் அறிவிக்கப்படாமல் இருந்த கட்டடம் அது. தேசிய மரபுரிமைச் சட்டம் 2005 முதல் இருந்தும், பதிவு பெறாத கல்லை அது காக்க முடியவில்லை. வேல்ஸ் எண்ணிட்டுப் பதிந்த குறிப்பு எஞ்சியது, கல் எஞ்சவில்லை.

பள்ளத்தாக்கின் பழம்பொருள்கள் பல தோட்ட நிலத்திலும் வயலிலும் கிடைத்தவை. அந்நிலங்களில் இன்னும் எத்தனை செங்கற்கள் மண்ணுக்குள் உறங்குகின்றனவோ! அவற்றை முதலிற் காணப்போகிறவர் பேராசிரியர் அல்லர். மண்வெட்டி பிடித்த தொழிலாளியோ, ஓடையில் விளையாடும் சிறுவனோதான். அவருக்கு இது இன்னதென்று தெரிந்திருந்தால் கல் பிழைக்கும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், கோயிலைக் காட்டுமுன் ஓடையைக் காட்டுவது நன்று. உருண்டைக் கல்லையும் உளி பட்ட கல்லையும் மாணவரே பிரித்துக் காணட்டும். பிறகு தூணடிக் கற்களை எண்ணி, மரத்தூண் நின்ற தோற்றத்தைத் தாளில் வரையட்டும். ஏட்டில் இரு பத்திகள் இடச் செய்யலாம்: ஒன்று, கண்ணாற் கண்டது, மற்றொன்று, பிறர் கூறக் கேட்டது. இவ்விரண்டையும் கலவாதிருக்கப் பழகிய மாணவன் வரலாற்றின் முதற் பாடத்தைக் கற்றுவிட்டான்.

பினாங்கு வட்டாரத்து ஆசிரியர்க்குப் புக்கிட் மெர்த்தாஜாமில் மற்றொரு பாடம் காத்திருக்கிறது. ஆண்டுதோறும் சூலைத் திங்களில் தமிழரும் திரளாகக் கூடும் புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில், செரோக் தோக்குன் கருங்கற் பாறை நிற்கிறது. 1845ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்பார் அதன் எழுத்துகளைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். மழையில் தேய்ந்த அவ்வெழுத்துகளை நடுப்பகலில் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது கோடுகளின் நிழல் தெரியும். தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்புக் கட்டியால் தீட்டுவதும், கைவிரலால் தேய்ப்பதும், பாசியைச் சுரண்டுவதும் கூடா. ஒரு தலைமுறை தெளிவாகக் காண வேண்டி அடுத்த தலைமுறைக்கு இல்லாமற் செய்வது அது.

மண்ணில் புதிதாக உளி பட்ட கல்லோ பழஞ் செங்கல்லோ தென்படின், எடுக்காமல், புரட்டாமல், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக் காட்சிசாலைக்குத் தெரிவித்தல் வேண்டும். வீட்டு மாடத்தில் அழகுக்கு வைத்த கல் ஒரு கல். இருந்த இடத்திலேயே விட்ட கல்லோ ஒரு சான்று. பொறுமையாக நின்று கேட்பவர் ஒருவர் வரும்வரை, ஆயிரம் ஆண்டு காத்திருந்த அக்கல் இன்னும் சில நாள் காத்திருக்கும்.