கோல்டன் ரெட்ரீவர் நாய்கள் அன்பு காட்டும் விதம்

கோல்டன் ரெட்ரீவர் என்பது ஸ்காட்லாந்தில் உருவான, பொன்னிற அடர்ந்த மயிர் கொண்ட நாயினம் ஆகும். மனிதரோடு நெருங்கிப் பழகும் இயல்புக்காக இவ்வினம் உலகெங்கும் அறியப்படுகிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டவும், மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு ஆறுதல் தரவும் இந்நாய்கள் பயிற்றுவிக்கப்படுகின்றன. தன்னை வளர்ப்பவரிடம் இந்நாய் காட்டும் அன்புக்குச் சொற்கள் இல்லை. வாய், கண், வால், உடலின் சாய்வு ஆகியவையே அதன் மொழி. இம்மொழியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் நாயின் மகிழ்ச்சி மட்டுமல்லாமல் அதன் அச்சமும் வலியும்கூட விளங்கும். தவறாகப் படித்தால், அன்பு என்று எண்ணிய இடத்தில் நாய் வேதனைப்படலாம். சில வேளைகளில் கடிக்கவும் நேரலாம்.

இனத்தின் தோற்றம்

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் உள்ள கூஷகன் என்னும் பண்ணையின் உரிமையாளர் டட்லி மார்ச்பேங்க்ஸ். பின்னாளில் இவர் ட்வீட்மவுத் பிரபு எனப்பட்டார். இவர் 1865-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நவுஸ் என்னும் மஞ்சள் நிற ரெட்ரீவர் நாயை வாங்கினார். 1868-இல் அதனைப் பெல் என்னும் ட்வீட் நீர் ஸ்பானியல் பெண் நாயோடு இணை சேர்த்தார். பிறந்த நான்கு மஞ்சள் குட்டிகளே இவ்வினத்தின் முன்னோர். ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து இவ்வினம் வந்தது என்ற கதை நெடுங்காலம் நம்பப்பட்டது. கூஷகன் பண்ணையின் இனப்பெருக்கக் குறிப்பேடுகள் 1952-இல் வெளிவந்த பின்னரே உண்மை தெரிந்தது.

ரெட்ரீவர் என்றால் 'எடுத்து வருவது' என்று பொருள். வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்திய பறவை நீரிலோ புதரிலோ விழும். அதைத் தேடிக் கண்டுபிடித்து, பற்கள் பதியாமல் கவ்விக் கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பதே இந்நாயின் வேலை. இதற்கு மூன்று குணங்கள் தேவைப்பட்டன: மென்மையாகக் கவ்வும் வாய், மனிதரின் முகத்தையும் கையசைவையும் கவனிக்கும் பழக்கம், கிடைத்ததைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் ஒப்படைக்கும் மனம். இம்மூன்றும் உள்ள நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். இன்று வீட்டுக்குள் இந்நாய் காட்டும் அன்பின் வடிவங்கள் பலவும் இந்தப் பழைய தொழிலிலிருந்து வந்தவையே.

அன்பு காட்டும் வழிகள்

பொருளைக் கொண்டுவருதல்: உரிமையாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் கோல்டன் ரெட்ரீவர் அங்குமிங்கும் ஓடி, செருப்பு, பந்து, துண்டு என ஏதேனும் ஒன்றைக் கவ்வி வந்து நிற்பது வழக்கம். பொருளைக் கொடுக்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு உடலை வளைத்து வளைத்து ஆடுவதும் உண்டு. மகிழ்ச்சி மிகும்போது வாயில் ஒன்றைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற தூண்டுதல் இவ்வினத்துக்கு இயல்பானது. செருப்பை எடுத்ததற்காக அடித்தாலோ அதட்டினாலோ, தான் வரவேற்றதற்குத் தண்டனை கிடைத்ததாகவே நாய் உணரும். வாசலருகே ஒரு பொம்மையை வைத்திருந்து, அதை எடுத்து வரும்போது பாராட்டுவதே நல்ல வழி.

சாய்ந்து நிற்றல்: நிற்பவரின் கால்மீது தன் எடை முழுவதையும் சாய்த்து நிற்பதும், பாதத்தின்மேல் உட்கார்வதும், முழங்காலில் தாடையை வைப்பதும் இவ்வினத்தில் அடிக்கடி காணப்படும். வளர்ந்த ஆண் நாய் ஏறத்தாழ 30 முதல் 34 கிலோ எடை இருக்கும். முதியவர்களும் சிறு குழந்தைகளும் இதனால் தடுமாறி விழலாம். ஆகவே உட்கார்ந்த பின் அருகில் வரும்படி நாயைப் பழக்குவது நல்லது.

கண்ணோடு கண் நோக்குதல்: விலங்குகளிடையே உற்றுப் பார்ப்பது பெரும்பாலும் மிரட்டலின் அடையாளம். ஆனால் நாய் தன்னை வளர்ப்பவரின் கண்ணை மென்மையாக நோக்கும். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட நேரம் உரிமையாளரை நோக்கிய நாய்களின் உடலிலும் உரிமையாளர்களின் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் கூடியது தெரிந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்கு கொள்ளும் இயக்குநீர் இது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இந்த விளைவு காணப்படவில்லை. இமைகள் தளர்ந்து, நெற்றி சுருங்காமல், வாய் லேசாகத் திறந்திருக்கும் நோக்கே அன்பின் நோக்கு ஆகும்.

வாலாட்டுதல்: இந்நாயின் வால் நீண்டு, அடியில் இறகுபோன்ற மயிருடன் இருக்கும். வால் மட்டும் ஆடுவதைவிட, இடுப்பும் சேர்ந்து ஆடுவதே நிறைந்த மகிழ்ச்சியின் குறி. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் தம் உரிமையாளரைக் கண்டபோது வாலைத் தம் வலப்புறம் மிகுதியாக வீசியதும், அச்சம் தரும் அந்நிய நாயைக் கண்டபோது இடப்புறம் மிகுதியாக வீசியதும் பதிவாயின. மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு உணர்ச்சிகளில் முனைப்புக் கொள்வதே இதன் காரணம் என்று அவர்கள் விளக்கினர்.

நக்குதல்: குட்டி தன் தாயின் வாயோரத்தை நக்கி உணவு கேட்கும், தாய் குட்டியை நக்கித் தூய்மை செய்யும். வளர்ந்த நாய் மனிதரின் கையையும் முகத்தையும் நக்குவதில் இவ்விரு பழக்கங்களின் தொடர்ச்சி உள்ளது. வியர்வையின் உப்புச்சுவையும் ஒரு காரணம். எனவே நக்குவது எல்லாமே அன்பு என்று கொள்ள இயலாது. புண் உள்ள இடத்தையோ கைக்குழந்தையின் முகத்தையோ நக்க விடக்கூடாது.

பின்தொடர்தல்: ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்றாலும் நாய் எழுந்து பின்னால் வரும். வந்து எதையும் கேட்காது, அருகில் படுத்துக்கொள்ளும். முதுகை மனிதர் மீது ஒட்டியபடி உறங்குவதும், வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடப்பதும் நம்பிக்கையின் அடையாளங்கள். உறங்கும் விலங்கு தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. நம்பியவர் அருகில்தான் அது தயக்கமின்றி உறங்கும்.

துயரத்தில் அருகில் வருதல்: இலண்டனில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதர் ஒருவர் பேசியபோதும், ராகம் முணுமுணுத்தபோதும், அழுவதுபோல் நடித்தபோதும் நாய்கள் எப்படி நடந்துகொண்டன என்பது ஒப்பிடப்பட்டது. அழுதபோதே நாய்கள் மிகுதியாக அருகில் வந்து முகர்ந்தும் உரசியும் நின்றன. அழுதவர் அறிமுகமில்லாதவராக இருந்தபோதும் அவரிடமே சென்றன. நாய் மனிதரின் துயரத்தை மனிதரைப் போலவே புரிந்துகொள்கிறது என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் அழுகையை அது கவனிக்காமல் விடுவதில்லை என்பது தெளிவு.

மூளை சொல்லும் செய்தி

நாய் உணவுக்காக மட்டுமே மனிதரிடம் ஒட்டிக்கொள்கிறது என்போர் உண்டு. இதற்கு விடை காண, மயக்க மருந்து கொடுக்காமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க நாய்களைப் பழக்கி ஆய்வுகள் நடந்தன. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களுக்குப் பல்வேறு மணங்களைக் காட்டினர். பழகிய நாய், பழகாத நாய், பழகாத மனிதர் ஆகியோரின் மணங்களைவிட, பழகிய மனிதரின் மணத்துக்கே நாயின் மூளையில் இன்ப எதிர்பார்ப்போடு தொடர்புடைய பகுதி மிகுதியாக முனைப்புக் கொண்டது. அந்த மனிதர் அப்போது அங்கே இல்லை. அவர் மணம் மட்டுமே இருந்தது.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் கோல்டன் ரெட்ரீவர் நாய்களும் பங்கேற்றன. பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலில் சொன்னபோது மட்டுமே நாய்களின் மூளையில் இன்பப் பகுதி முனைப்புக் கொண்டது. பொருளற்ற சொல்லைக் கொஞ்சலாகச் சொன்னபோதும், பாராட்டுச் சொல்லை உணர்ச்சியின்றிச் சொன்னபோதும் அந்த விளைவு இல்லை. சொல்லும் குரலும் ஒத்துப்போக வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

தவறாகப் புரிந்துகொள்ளப்படும் குறிகள்

கோல்டன் ரெட்ரீவர் பொறுமை மிக்கது என்பதாலேயே அதன் மறுப்பு பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீழ்க்காணும் நான்கு சூழ்நிலைகளில் தவறு நேர்வது மிகுதி.

முதலாவது, கட்டிப்பிடித்தல். மனிதருக்கு அது அன்பு. நாய்க்கு அது அசைய முடியாமல் அகப்பட்டுக்கொண்ட நிலை. அணைத்தபடி எடுத்த பல படங்களில் நாய் முகத்தைத் திருப்பியிருப்பதையும், காதுகளைப் பின்னால் மடித்திருப்பதையும், கண்ணின் வெண்பகுதி பிறைபோல் தெரிவதையும் காணலாம். இவை விலக விரும்புவதன் குறிகள்.

இரண்டாவது, கொட்டாவியும் உதட்டை நக்குதலும். தூக்கமோ பசியோ இல்லாத நேரத்தில் இவை தோன்றினால், பெரும்பாலும் நாய் மன இறுக்கத்தில் உள்ளது என்று பொருள். குழந்தை நாயின் காதைப் பிடித்து இழுக்கும்போது நாய் உதட்டை நக்கினால், அது முத்தம் தரப் போகிறது என்று எண்ணக்கூடாது.

மூன்றாவது, 'குற்ற உணர்ச்சி' முகம். தலையணையைக் கிழித்த நாய் தலைகுனிந்து நிற்பதைக் கண்டு, அது தன் தவற்றை உணர்ந்து வருந்துகிறது என்பர். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுக்கிறது. நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த முகம் தோன்றவில்லை. உரிமையாளர் அதட்டியபோதே தோன்றியது. தவறு செய்யாத நாயும் அதட்டலுக்கு அதே முகத்தைக் காட்டியது.

நான்காவது, சிரிப்பு. வாய் திறந்து நாக்கு தொங்க நிற்கும் கோல்டன் ரெட்ரீவர் சிரிப்பதுபோலத் தெரியும். ஆனால் நாய்க்குப் பாதங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு வியர்க்கும். உடல் வெப்பத்தைத் தணிக்க அது மூச்சிரைக்க வேண்டும். இரட்டை அடுக்கு மயிர் கொண்ட இவ்வினம் குளிர்நாட்டுக்கு உரியது. சென்னை போன்ற நகரங்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் இந்நாய் நாக்கை நீளத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிரைத்தால் அது மகிழ்ச்சி அன்று, வெப்பத்தின் தாக்குதல். உடனே நிழலும் தண்ணீரும் காற்றும் தர வேண்டும். தடுமாற்றமோ வாந்தியோ இருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அன்புக்கு மறுமொழி

நாய் தொடுதலை விரும்புகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதுவாக அருகில் வந்த பின், மார்பையோ கழுத்தின் பக்கத்தையோ சில நொடிகள் தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் மேலும் நெருங்கினாலோ, மூக்கால் கையைத் தள்ளினாலோ தொடரலாம். அசையாமல் நின்றாலோ, முகத்தைத் திருப்பினாலோ, உடலை உதறிக்கொண்டு விலகினாலோ நிறுத்திக்கொள்ள வேண்டும். இச்சோதனையைக் குழந்தைகளுக்கும் கற்றுத் தரலாம். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சிறு குழந்தையோடு அதைத் தனியே விடக்கூடாது. உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது.

பின்தொடரும் பழக்கம் அளவு மீறினால் அது அன்பின் மிகுதி ஆகாது. உரிமையாளர் வெளியே கிளம்பியதும் இடைவிடாமல் குரைத்தல், கதவைப் பிறாண்டுதல், வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல் ஆகியவை பிரிவுத் துயரின் குறிகளாக இருக்கலாம். நாள் முழுவதும் ஆளில்லாத வீட்டுக்கு இவ்வினம் ஏற்றதன்று. தினமும் நல்ல ஓட்டமும், பொருளைத் தேடி எடுத்துவரும் விளையாட்டும், குட்டிப் பருவத்திலேயே சிறிது சிறிதாகத் தனித்திருக்கும் பழக்கமும் இதற்கு உதவும்.

குறிகள் மாறும்போது

கோல்டன் ரெட்ரீவர் நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மிகுதி. இவ்வினத்தின் நோய்களை ஆராய அமெரிக்காவின் மோரிஸ் விலங்கு அறக்கட்டளை 2012-இல் தொடங்கிய ஆய்வில் 3,000-க்கும் மேற்பட்ட கோல்டன் ரெட்ரீவர் நாய்கள் சேர்க்கப்பட்டு, ஆண்டுதோறும் கண்காணிக்கப்படுகின்றன.

வலி இருந்தாலும் இந்நாய் வாலாட்டும், உணவு கேட்கும். அதனால் நோய் முற்றிய பிறகே பலருக்குத் தெரிய வருகிறது. இங்குதான் அன்பின் மொழியை அறிந்திருப்பது நாயின் உயிரைக் காக்க உதவுகிறது. நாள்தோறும் வாசலுக்குப் பொம்மையோடு ஓடி வந்த நாய் படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டுவது, மாடிப்படி ஏறிப் பின்தொடர்ந்த நாய் கீழேயே நின்றுவிடுவது, இடுப்பைத் தடவினால் மகிழ்ந்த நாய் இப்போது விலகுவது, தனிமையை விரும்பாத நாய் கட்டிலுக்கு அடியில் சென்று படுப்பது ஆகிய ஒவ்வொன்றும் கவனிக்கத் தக்க மாற்றம். வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'நேற்றுவரை வாசலுக்கு வந்தது, இன்று வரவில்லை' என்று உரிமையாளர் சொல்லும் செய்தி, நோயைக் கண்டறிய மருத்துவருக்குப் பெரிதும் துணை செய்யும். நாயால் அதைச் சொல்ல இயலாது. அதோடு வாழ்பவர் கவனித்திருந்தால் மட்டுமே சொல்ல முடியும்.