வளைவைத் தாண்டினால் எந்த நீதிமன்றம்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளானுக்குப் போகிறவர்கள், பெட்டாலிங் ஜெயா தொடங்கும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே நிற்கும் பெரிய வளைவுக்கு அடியில் புகுந்து போவார்கள். கோத்தா டாருல் ஏசான் என்பது அதன் பெயர். சிலாங்கூரின் தலைநகராக இருந்த கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கூட்டரசின் கைக்குப் போனதை நினைவூட்டும் வளைவு அது. இந்தப் பக்கம் கூட்டரசுப் பிரதேசம், அந்தப் பக்கம் சிலாங்கூர். காரில் போகிறவருக்கு ஒரு நொடியில் கடந்துவிடும் எல்லை. வழக்கில் மாட்டிக்கொண்டவருக்கோ, அந்த எல்லை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கடன், வாடகை, விபத்து, திருட்டு, கொலை ஆகியவற்றுக்கு அது செல்லாது. பிரிக்பீல்ட்ஸில் நடந்தது ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போகும்; கிள்ளானில் நடந்தது கிள்ளான் நீதிமன்றத்துக்கோ ஷா ஆலமுக்கோ போகும். மாறுவது கட்டடம் மட்டும்தான். சட்டம் ஒன்றே, நீதிமன்றத்தின் அதிகாரமும் ஒன்றே. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்ற வரிசை, தனி உச்ச மன்றம் உண்டு. மலேசியாவில் அப்படி இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, சிவில், குற்றவியல் சட்டங்களையும் அவற்றுக்கான நீதிமன்றங்களையும் கூட்டரசிடம் கொடுத்திருக்கிறது. மாநிலங்களுக்கு அது விட்டுவைத்தது ஷரியா நீதிமன்றங்களை. சபா, சரவாக்கில் பூர்வகுடி மன்றங்களும் உண்டு. ஆக, தீபகற்ப மலேசியாவில் மாநிலத்துக்குச் சொந்தமான நீதிமன்றம் எது என்று கேட்டால், ஷரியா நீதிமன்றம் ஒன்றுதான்.

முதலில் எல்லோருக்கும் பொதுவான ஏணியைப் பார்ப்போம். அடிப்படியில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அதற்கு மேல் செஷன்ஸ் நீதிமன்றம். பிறகு உயர்நீதிமன்றம், தீபகற்பத்துக்கு மலாயா உயர்நீதிமன்றம், கடலுக்கு அப்பால் சபா, சரவாக் உயர்நீதிமன்றம். அதற்கும் மேலே மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் கூட்டரசு நீதிமன்றம். இந்த இரண்டும் இருப்பது புத்ராஜெயாவில். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-இல்தான் பிறந்தது. 1985 வரை இந்நாட்டின் சிவில் வழக்குகள் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை போய்க்கொண்டிருந்தன என்பதை இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள்.

சிவில் வழக்கு எந்தப் படியில் ஏறும் என்பதைப் பெரும்பாலும் பணத்தின் அளவு சொல்லிவிடும். 1 லட்சம் வெள்ளி வரை மாஜிஸ்திரேட், 10 லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ், அதற்கு மேல் உயர்நீதிமன்றம். 2013 மார்ச்சுக்கு முன் இந்த வரம்புகள் 25,000, 2.5 லட்சம் வெள்ளி என்றிருந்தன. இதில் ஒரு விலக்கு, கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் முக்கியமானது. சாலை விபத்து இழப்பீட்டு வழக்குக்குப் பண வரம்பே கிடையாது. கேட்பது 20 லட்சமானாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கும். வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான வழக்கும் அப்படித்தான்.

மிகச் சிறிய தொகைக்கு இன்னொரு வழி உண்டு. ஜாலான் துன் சம்பந்தனில் கடை வைத்திருப்பவரிடம் ஒருவர் 4,000 வெள்ளி கடன் வாங்கிக்கொண்டு தராமல் இழுத்தடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் வைத்தால் கட்டணமே பாதியைத் தின்றுவிடும். 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே ஒரு சிறு கோரிக்கை முறையை வைத்திருக்கின்றன. தனி மனிதர் தாமே படிவம் நிரப்பி, தாமே நின்று பேசலாம். வாதாட வழக்கறிஞர் வரக் கூடாது. இந்த வழி இருப்பது தெரியாததால், பாக்கியை மறந்துவிடுவோம் என்று கைகழுவியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! கூட்டுச் சீட்டுப் பணத்துக்கு மட்டும் இது சுலபமாகக் கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சீட்டு நடத்துவதையே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக்கிவிட்டது.

கடைக்காரர்மீது வாடிக்கையாளருக்கு மனக்குறை என்றால், வாசல் வேறு. காசு வாங்கிக்கொண்டு சோபாவை அனுப்பாத கடை, கல்யாண மண்டபத்தில் பாதியில் தீர்ந்த சாப்பாடு, பழுதான குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். கட்டணம் 5 வெள்ளி. அங்கும் வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அடுக்குமாடியில் ஒழுகும் கூரைக்கும் பராமரிப்புக் கட்டணத் தகராறுக்கும் தனி நடுவர் மன்றம் இருக்கிறது.

வேலையை விட்டு அநியாயமாக நீக்கப்பட்டவர் போகவேண்டியது மாஜிஸ்திரேட்டிடம் அல்ல. தொழிலுறவுத் துறையில் புகார் கொடுத்தால், சமரசம் முறிந்தபின் விஷயம் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். புகார் கொடுக்கக் கெடு 60 நாள். முதலாளி மனம் மாறுவார் என்று காத்திருந்தே 61-ஆவது நாளை அடைந்துவிடுகிறவர்களுக்கு இரக்கம் கிடைக்கும், வழக்கு கிடைக்காது. நீக்கக் கடிதம் வந்த அன்றே நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட வேண்டும்.

குற்ற வழக்கில் பணத்துக்குப் பதில் தண்டனையே அளவுகோல். அதிகபட்சம் 10 ஆண்டு சிறைக்கு உட்பட்ட குற்றங்களை மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம்; ஆனால் அவர் விதிக்கக்கூடிய சிறை பொதுவாக 5 ஆண்டைத் தாண்டாது. மரண தண்டனைக்கு இடமில்லாத எல்லாக் குற்றங்களும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குள் அடங்கும். தூக்குக்கு இடமுள்ள வழக்கை உயர்நீதிமன்றம் மட்டுமே தொடும். கொலைக்கும் போதைப்பொருள் கடத்தலுக்கும் இருந்த கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது நீதிபதி எடைபோட்டுத் தண்டனை தரலாம்.

வழக்கு எந்தப் படியில் தொடங்குகிறதோ, அதுதான் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதையும் முடிவு செய்கிறது. மாஜிஸ்திரேட்டிடமோ செஷன்ஸிலோ தொடங்கிய குற்ற வழக்கின் மேல்முறையீடு, மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு நின்றுவிடும். உயர்நீதிமன்றத்தில் தொடங்கியது கூட்டரசு நீதிமன்றம் வரை போகும். முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் எஸ்.ஆர்.சி. வழக்கு இந்த ஏணியை நாடே பார்க்கும்படி ஏறியது. ஜாலான் டூத்தாவில் 2020 ஜூலை 28-ஆம் தேதி உயர்நீதிமன்றத் தீர்ப்பு, 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2022 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம். அன்றைக்கே அவர் காஜாங் சிறைக்குப் போனார்.

ஒரே சம்பவம் இரண்டு ஏணிகளில் தனித்தனியே ஏறுவதும் உண்டு. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் தடுப்புக் காவலில் இருந்த குகன் ஆனந்தன் என்ற 22 வயது இளைஞர் உயிரிழந்தார். அவரைக் காயப்படுத்தியதாகக் காவலர் ஒருவர்மீது செஷன்ஸில் குற்ற வழக்கு நடந்தது. முதலில் விடுதலை. உயர்நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்ப, 2012-இல் 3 ஆண்டு சிறை. குடும்பத்தார் அதோடு நிற்காமல் உயர்நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட்டார்கள். அதில் 2013 ஜூன் மாதம் நீதிபதி வி.டி. சிங்கம், காவல்துறையும் அரசாங்கமும் 8 லட்சம் வெள்ளிக்கும் மேல் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். குற்ற வழக்கில் தப்பினாலும் சிவில் வழக்கில் பொறுப்பு ஒட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் இரண்டிலும் தேவைப்படும் நிரூபணத்தின் கனம் வேறு. குகனின் தாய்க்கு அந்த இரண்டாவது வாசல் திறந்திருந்தது பெரிய விஷயம்.

கைது என்று வந்தால் நினைவில் இருக்க வேண்டியது ஒன்று: 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. மேலும் நாட்கள் காவலில் வைக்க அவர்தான் அனுமதி தர வேண்டும். வசதியில்லாதவர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் வழக்கறிஞரை அனுப்புகிறது. மலாய் சரியாகப் புரியாத பெரியவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தயங்காமல் கேட்கலாம். புரியாத குற்றச்சாட்டுக்குத் தலையாட்டிவிட்டு வந்தால், பிறகு அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

இனி குடும்பம். முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகரத்து அடிப்படியில் தொடங்காது, நேரே உயர்நீதிமன்றத்துக்குப் போகும். இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு. ஒருவர் மறுத்தால் பெரும்பாலும் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழுவைக் கடந்துதான் நீதிமன்றம் ஏற முடியும். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்ததிலிருந்து, கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டப்படித் திருமணமாகாது, பதிவு வேண்டும். பதிவில்லாமல் வாழ்ந்த பெண் ஜீவனாம்சம் கேட்டு வரும்போது, எந்த நீதிமன்றம் என்ற கேள்விக்கு முன்னாலேயே, நீ யாருக்கு மனைவி என்ற கேள்வி வந்து நிற்கிறது.

வளைவின் எல்லைக்கு அர்த்தம் வருவது இதற்குப் பிறகுதான். முஸ்லிம்களின் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை, சமயக் குற்றங்கள் ஆகியவற்றுக்கு சிலாங்கூரில் மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றுகிறது. கோலாலம்பூரில் அதையே நாடாளுமன்றம் செய்கிறது. ஷரியா நீதிமன்றம் இஸ்லாத்தைப் பின்பற்றுகிறவர்களை மட்டுமே விசாரிக்க முடியும். அதன் தண்டனைக்கும் 1965-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் உச்சவரம்பு போட்டிருக்கிறது: 3 ஆண்டு சிறை, 5,000 வெள்ளி அபராதம், 6 பிரம்படி. மாநிலம் தன் பட்டியலைத் தாண்டிச் சட்டம் இயற்றினால் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்யும். 2021 பிப்ரவரியில் சிலாங்கூரின் ஷரியா குற்றச் சட்டத்தில் ஒரு பிரிவும், 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி கிளந்தான் சட்டத்தில் 16 பிரிவுகளும் அப்படித்தான் விழுந்தன. கூட்டரசு ஏற்கெனவே கையாளும் குற்றத்தை மாநிலம் தனியாகக் கையாள முடியாது என்பதே காரணம்.

ஒரே குடும்பத்தில் ஒருவர் முஸ்லிம், மற்றவர் அல்ல என்றால்? 1988-இல் அரசியலமைப்பின் 121-ஆவது விதியில் 1ஏ என்ற உட்பிரிவு நுழைந்தது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதில் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். காகிதத்தில் அது தெளிவான கோடு. ஆனால் தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கோட்டின்மேல் நின்று தவித்தன.

1997-இல் எவரெஸ்டுக்குப் போன மலேசியக் குழுவில் இருந்த இராணுவ வீரர் மூர்த்தி, 2005 டிசம்பர் 20-ஆம் தேதி கோலாலம்பூரில் காலமானார். அவர் மதம் மாறியிருந்தார் என்று ஷரியா நீதிமன்றம் முடிவு செய்தது. மனைவி இந்து, அந்த மன்றத்தில் அவர் குரல் ஒலிக்கவில்லை. உயர்நீதிமன்றத்துக்கு ஓடினார். ஷரியா நீதிமன்றம் சொன்னதில் தலையிட அதிகாரமில்லை என்று டிசம்பர் 28-ஆம் தேதி பதில் வந்தது. அன்றே உடல் முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. ஒரு மன்றத்தில் அந்த மனைவிக்கு இடமில்லை, மற்றொரு மன்றத்துக்கு அதிகாரமில்லை. கணவரைப் பறிகொடுத்த பெண்ணை எட்டு நாட்களில் இப்படி நடுத்தெருவில் நிறுத்தியது அந்தக் கோடு. அது அநீதி என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

கூட்டரசு நீதிமன்றம் பின்னர் சில கதவுகளைத் திறந்தது. இஸ்லாத்திலிருந்து வெளியேற விரும்புகிறவர் ஷரியா நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால், தான் பிறப்பிலிருந்தே முஸ்லிம் அல்ல என்பவரின் வழக்கு சிவில் நீதிமன்றத்துக்கு உரியது. 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி, சிலாங்கூர் தரப்பை எதிர்த்து ஒரு பெண் தொடுத்த வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது இது.

அதற்கு முன் வந்தது ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கு. 2009-இல் அவருடைய கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மாற்றிவிட்டு, 11 மாதக் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு போனார். ஈப்போ உயர்நீதிமன்றம் 2013-இல் அந்த மதமாற்றத்தை ரத்து செய்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள், ஒருமித்து, தாய் பக்கம் நின்றார்கள். அரசு அதிகாரியின் செயல் சட்டப்படிதானா என்று பார்க்கும் அதிகாரத்தை சிவில் நீதிமன்றத்திடமிருந்து பறிக்க முடியாது. பிள்ளையின் மதத்தை மாற்றத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று நீதிபதி ஜைனுன் அலி எழுதினார்.

முன்னாள் கணவரைக் கைது செய்யும்படி 2016 ஏப்ரலிலேயே காவல்துறைக்குக் கூட்டரசு நீதிமன்றத்தின் உத்தரவு போயிருந்தது. நாட்டின் உச்ச மன்றம் இரண்டு முறை அந்தத் தாய்க்குச் சாதகமாகப் பேசியிருக்கிறது. 11 மாதக் குழந்தையாகப் போன மகள், 15 ஆண்டுகள் கடந்தும் தாயிடம் வந்து சேரவில்லை.