சிறு தடையில் பெருஞ்சூடு

அன்னாசிக்குப் பெயர்பெற்ற ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்தில், பள்ளி நாள்களில் விடிவதற்கு முன்பே வீடுகளில் விளக்கெரியும். ஒருபுறம் தண்ணீர் கொதிக்கும். மறுபுறம் சீருடை தேய்க்கப்படும். கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நீட்டிப்பு மின்வடத்தில் செருகப்பட்டிருந்தால் அது பாதுகாப்பானதா? பார்வையால் இதற்கு விடை காண இயலாது. கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும்.

மலேசிய வீடுகளுக்கு வழங்கப்படும் மின்னழுத்தம் பெயரளவில் 230 வோல்ட். கெட்டிலில் 10 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொள்வோம். இவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும்: 230 × 10 = 2300 வாட். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்: 230 ÷ 10 = 23 ஓம். மின்தடையின் அலகுக்குப் பெயர் தந்த கியோர்க் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இதற்கான சோதனைகளைச் செய்தார். 1827-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

இவ்வாறு கணக்கிடும் மின்தடை, சாதனம் இயங்கும்போது உள்ள மின்தடை என்பதை மறக்கலாகாது. 60 வாட் இழைவிளக்குக்குக் கணக்கின்படி ஏறத்தாழ 880 ஓம் வரும். அணைந்து குளிர்ந்த விளக்கை ஓம்மானியால் அளந்தாலோ, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே காட்டும். கருவியில் பழுதில்லை. இழை சூடேறும்போது அதன் மின்தடையும் ஏறுகிறது.

சாதனங்களின் முத்திரைத் தாளில் பெரும்பாலும் வோல்ட்டும் வாட்டும்தான் அச்சிடப்பட்டிருக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் தெரிந்துவிடும். 1150 வாட் இஸ்திரிப் பெட்டி, சூடேறும் வேளையில் 5 ஆம்பியர் இழுக்கும். கெட்டிலையும் சேர்த்தால் வடத்தில் பாய்வது 15 ஆம்பியர். செருகியினுள் இருக்கும் மின்னுருகியோ 13 ஆம்பியருக்கு உரியது.

உருகி உடனே அறுந்து நம்மைக் காத்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. இவ்வளவு சிறிய மிகையோட்டத்தை அது நெடுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் வடத்தில் எங்கேனும் தளர்ந்த இணைப்பு இருந்தால், தீங்கு அங்கே தொடங்கிவிடும்.

அத்தளர்ந்த இணைப்பின் மின்தடை அரை ஓம் மட்டுமே என்று கொள்வோம். அதன் வழியே 15 ஆம்பியர் பாய்ந்தால், அவ்விடத்தில் மட்டும் 15 × 0.5 = 7.5 வோல்ட் விழும். அதனை மின்னோட்டத்தால் பெருக்கினால் 7.5 × 15 = 112.5 வாட். (இணைப்பின் தடையால் மின்னோட்டம் சற்றுக் குறையும், ஆயினும் நூறு வாட்டுக்குக் கீழே இறங்காது.) கெட்டிலின் 2300 வாட்டோடு ஒப்பிட்டால் இது அற்பமாகத் தோன்றும். ஆனால், கெட்டிலின் வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. இங்கோ விரல்நுனி அளவுள்ள இடத்தில், நெகிழிக்குள் அவ்வெப்பம் அடைபட்டுக் கிடக்கிறது. நெகிழி முதலில் இளகும்; பின்னர்க் கருகும்; தீயும் பற்றலாம்.

கெட்டிலைக் கழற்றிச் சுவரிலுள்ள வேறொரு செருகுத் துளையில் பொருத்தினால் வடத்தில் எஞ்சுவது 5 ஆம்பியர். மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது; தளர்ந்த இணைப்பின் வெப்பமோ 2.5 × 5 = 12.5 வாட், அதாவது ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆயினும் இணைப்பு தளர்ந்தே இருக்கிறது. பயன்பாட்டுக்குப் பின் கழற்றிய செருகி கைக்குச் சுட்டாலோ, அதன் ஊசிகளின் அருகே பழுப்பேறியிருந்தாலோ, அந்த வடத்தை மறுபடியும் பயன்படுத்தக்கூடாது.